பருத்திச் சட்டையோடு ஒரு தீவின் ஓரமாக

இக்கட்டுரையில் நான் கண்ணால் கண்டதையும், காண இயலாதபோது இருவரிடம் தனித்தனியே கேட்டு அவர்கள் சொன்னது ஒத்துப்போனால் அதையும் மட்டுமே எழுதுகிறேன். உயர்ந்த கொள்கை எதனாலும் நான் இவ்வாறு செய்யவில்லை. இது என் அக்காள் இட்ட கட்டளை.

"ஏலே, உங்க அத்தான் ஒண்ணப் பத்தா அளப்பாக. அவ பத்துல ஒண்ணக்கூடச் சொல்ல மாட்டா. நீ கூடப் போ. பாத்தத வந்து சொல்லு. பாக்காதத வந்து சொல்லாத" என்று அக்காள் சொன்னபோது, அவள் கையில் தோசைக் கரண்டி இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன்.

"அவள்" என்பது அக்காளின் ஒரே மகள் கார்த்திகா. வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஒரு தீவில் கடற்பறவைகளைக் கண்காணிப்பது அவள் வேலை. அக்காளின் கணவர் தங்கப்பாண்டி சிவகாசியை அடுத்து, ஆமத்தூர்ப் பக்கம், பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். மகளை அழைத்துவந்து கம்பெனியை அவள் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது அத்தானின் நெடுநாள் எண்ணம். "வாறேன்" என்றோ "வரல" என்றோ சொல்லாமல் காலம் கடத்துவது மகளின் நெடுநாள் வழக்கம். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள்: "இங்கன வாங்க. தீவோட கரையோரமா என்கூட நடங்க. நடந்து முடிச்சதும் கேளுங்க."

நடப்பதற்கு ஏற்ற காலம் ஆனி மாதமாம். தீபாவளிக்கான சரக்கு இராப்பகலாய் உருவாகும் சீசன் அது. அந்தச் சீசனில் சொந்தத் தம்பியின் திருமணத்துக்கே அரை நாள் மட்டும் வந்துபோன மனிதர் கம்பெனியைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார். அதைப் பார்த்துத்தான், இது உல்லாசப் பயணமன்று என்பது எனக்கு விளங்கியது.

தீவின் பெயரை நான் எழுதவில்லை. அங்கேயே பிறந்த மூவர் அதை மூன்று விதமாக ஒலிக்கக் கேட்டேன். தமிழ் எழுத்துக்குள் அது எவ்வகையிலும் அடங்கவில்லை. நாட்காட்டி அச்சகத்தில் பிழை திருத்திப் பிழைக்கும் நான், தெரிந்தே ஒரு பிழையை அச்சேற்ற விரும்பவில்லை.

*

முதல் தடங்கல் இடைவழி விமான நிலையத்தில் நேர்ந்தது. அத்தானின் தோள்பையை ஓர் அதிகாரி சிறு துணித்துண்டால் துடைத்து, அத்துணியை ஒரு பொறிக்குள் செருகினார். பொறி அலறியது. வேறொரு துணி, மீண்டும் அலறல். மேலும் மூன்று அதிகாரிகள் வந்தனர்.

"அது என்ன மெஷினு?" என்றார் அத்தான்.

"வெடிமருந்து ஒட்டியிருக்கான்னு பாக்குறது, அத்தான்."

"கண்டுபிடிச்சிருச்சா?" அவர் முகத்தில் அச்சமே இல்லை. "நல்ல மெஷினுய்யா. இந்தப் பை ஆபீசு மூலையில எம்புட்டு வருசமாக் கெடக்கு!"

தொழில் என்ன என்று அதிகாரி கேட்டார். பட்டாசு உற்பத்தி என்று மொழிபெயர்த்தேன். எந்த வகை என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்குமுன் அத்தான் தம் முகவரி அட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஒரு ராக்கெட் நான்கு வண்ணத்தில் பறந்துகொண்டிருந்தது. அதன்பின் எங்களை ஒரு தனி அறைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே நாற்காலிகள் வசதியாக இருந்தன. நெடுநேரம் கழித்துப் பையை வைத்துக்கொண்டு எங்களை விடுவித்தார்கள். பருப்புப்பொடி, சாத்தூர்க் காராச்சேவு, ஆறு பருத்திச் சட்டைகள் ஆகியவற்றை ஒரு நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு அத்தான் தீவை நோக்கிச் சென்றார்.

ஆறும் பருத்திச் சட்டைகள் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். மருந்து கலக்கும் ஷெட்டுக்குள் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிகளுக்கு அனுமதி இல்லை. அவை உரசினால் மின்னேற்றம் உண்டாகும். மின்னேற்றத்திலிருந்து பொறி பறக்கும். அதற்குப்பின் நடப்பதைச் சொல்ல ஷெட்டில் யாரும் எஞ்சுவதில்லை. அத்தான் இவ்விதியை வெளியிலும் கடைப்பிடிப்பவர். "வெளிய பழகுன ஒடம்பு ஒருநா மறந்து உள்ளயும் போயிரும் மாப்ளே" என்பார். அவருடைய குடை ஒன்றுதான் செயற்கைத் துணி. அதையும் கம்பெனி வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தில் மாட்டிவிட்டே உள்ளே போவார்.

கார்த்திகா எங்கள் இருவருக்கும் மழைச்சட்டை அனுப்பியிருந்தாள். என்னுடையதை நான் கொண்டுவந்தேன். அத்தானுடையது சிவகாசியில், பிரிக்காத பொட்டலத்தில், பத்திரமாக இருந்தது.

*

தீவுக்கு எங்களைக் கொண்டுசென்றதைக் கப்பல் என்றார்கள். அதில் சில ஆடுகளும், ஒரு குளிர்பதனப் பெட்டியும், நாங்களும் இருந்தோம். ஆடுகள் எங்களைவிடக் கண்ணியமாகப் பயணம் செய்தன.

துறையில் கார்த்திகா நின்றாள். தந்தையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். கதர்ச் சட்டை, பருத்திக் கால்சட்டை, கழுத்தில் துண்டு.

"நான் அனுப்புனது எங்கப்பா?"

"இருக்குத்தா, வீட்டுல."

அவள் தன் முதுகுப்பையை ஒருமுறை இறக்கி ஏற்றிக்கொண்டாள். பிறகு ஒப்பந்தத்தைச் சொன்னாள்.

"நாம நடந்து முடிக்கிற எடத்துல ஒரு கலங்கரை வெளக்கம் இருக்கு. அதுவரைக்கும் கம்பெனிப் பேச்சு எடுக்கக் கூடாது. அங்க வச்சு ஒரே ஒரு தடவ கேளுங்க. நான் ஒரே ஒரு தடவ பதில் சொல்லுவேன். அதுக்கப்புறம் நீங்களும் கேக்கக் கூடாது, நானும் பேச மாட்டேன்."

"நடுவுல ஒரு வார்த்தகூடவா?"

"ஒரு வார்த்தகூட."

"சரி" என்றார் அத்தான், திரியில்லாத வெடியைக் கையில் வாங்கியவர் குரலில்.

கரையோரப் பாதை என்று அவர்கள் குறிப்பிடுவது ஆடுகள் நடந்த தடம். இடப்பக்கம் புல், வலப்பக்கம் செங்குத்தாகக் கடல். விழுந்தால் பிடிக்க ஒன்றுமில்லை என்பதை ஒரு சிறு பலகை மிகுந்த பணிவோடு தெரிவிக்கிறது. ஆடுகளுக்கு மேய்ப்பர் இல்லை, வேலி இல்லை, எங்களைக் கண்டு அச்சமும் இல்லை. அத்தான் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு கடா எங்களைப் பின்தொடரத் தொடங்கியது. அடுத்த ஓடை வரை வந்தது. அன்று மாலைக்குள் சேவு பாதியாகிவிட்டது. அதில் கடாவின் பங்கு எவ்வளவு என்பதில் எங்கள் மூவருக்குமிடையே கருத்து ஒற்றுமை இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் மழைக்கு வேண்டிக்கொள்வோரும், மழை வராதிருக்க வேண்டிக்கொள்வோரும் ஒரே பந்தியில் உண்கிறோம். மல்லாங்கிணற்றில் மானாவாரி பார்க்கும் என் பங்காளிகள் முதல் வகை. சரக்கை வெயிலில் காயவைக்கும் அத்தான் இரண்டாம் வகை. இந்தத் தீவில் மழை இவ்விரு கட்சியையும் பொருட்படுத்தாமல், பக்கவாட்டிலிருந்து பெய்கிறது.

"எம்புட்டு மழ! இதுல ஒரு வாளி அங்கிட்டுப் போயிருந்தா ஒங்க பங்காளிக என்னயக் கையெடுத்துக் கும்புட்டுருப்பாக" என்றார் அத்தான். சற்று நடந்து, குரலைத் தாழ்த்தி, "அங்கன இப்ப வெயிலா இருக்குமா?" என்றார்.

"அப்பா" என்றாள் முன்னே சென்ற கார்த்திகா, திரும்பாமலே.

"வெயிலப் பத்தித்தானத்தா கேட்டேன்."

*

இரவு தங்கக் கரையோரமாகக் கற்குடில்கள் உண்டு. முதல் குடிலின் வாசலில் அத்தான் நின்றார். கதவின் இரும்புப் பிடியில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்தார். பிறகே உள்ளே நுழைந்தார். மருந்து ஷெட்டின் வாசலில் ஒரு செம்புத்தகடு பதித்திருப்பார்கள். உடலிலுள்ள மின்னேற்றம் மண்ணுக்கு இறங்க, அதைத் தொட்ட பின்பே உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். கம்பெனியில் நாள்தோறும் செய்து பழகிய கை, உலகத்தின் எந்த வாசலிலும் உலோகத்தைத் தேடுகிறது.

குடிலைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி இதைப் பார்த்துக் கார்த்திகாவிடம் ஏதோ சொன்னார். தீவுக்காரர்கள் பேசியதெல்லாம் எனக்குக் கார்த்திகாவின் வாய்வழியாகவே வந்தது. அதனால் அவர்கள் அனைவரும் சிவகாசித் தமிழ் பேசுபவர்களாகவே என் நினைவில் தங்கிவிட்டார்கள்.

"'ஒங்கப்பா ஏன் கதவத் தடவிட்டு வாறாரு, கதவு புடிச்சுப்போச்சா'ன்னு கேக்காக."

அவள் விளக்கிச் சொன்னாள். பெண்மணி தலையசைத்துக் கேட்டார். பின் விறகெடுக்க வெளியே போய்த் திரும்பியவர், யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, கதவுப்பிடியைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார்.

உணவு: உருளைக்கிழங்கு, உலர்ந்த மீன், மீண்டும் உருளைக்கிழங்கு. பருப்புப்பொடி எங்களைக் காத்தது. மீந்த காராச்சேவைக் குடில் பெண்மணி ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் அடுக்கி உண்டார். "'நல்லா இருக்கு, ஆனா ஏன் எரியிது'ன்னு கேக்காக" என்றாள் கார்த்திகா. விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை உண்டு வளர்ந்த நாக்குகளுக்கு அக்கேள்வி விளங்கவில்லை.

உண்டு முடித்ததும் கார்த்திகா தன் கம்பளிபோன்ற மேற்சட்டையைத் தலைவழியே உருவினாள். அது செயற்கை இழை. அடுப்பின் வெப்பத்தில் அறை நன்கு உலர்ந்திருந்தது. சடசடவென்று ஒரு சிறு ஒலி எழுந்தது. நம் வீடுகளில் யாரும் காதில் வாங்காத ஒலி.

"அசையாத!" என்று கத்தினார் அத்தான்.

அறையே உறைந்தது. அவள் இரு கைகளும் சட்டைக்குள் சிக்கியபடி நின்றாள். பெண்மணியின் கரண்டி பாதிவழியில் நின்றது. அத்தான் எழுந்து நின்றிருந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு வெளிறல். பிறகு சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்பா. இது சமையக்கட்டு."

அவர் மெல்ல அமர்ந்தார். "ஆமா" என்றார். இப்படி ஓர் அச்சத்தை ஒவ்வொரு நாளும் சுமக்கும் வேலையைத்தான் அவர் மகளுக்குத் தர விரும்புகிறார் என்று எனக்கு அப்போது தோன்றியது. அவருக்கும் தோன்றியதா என்பது சரிபார்க்கப்படாதது.

*

மறுநாள் பறவைகளின் பாறை. வெள்ளை உடலும் மஞ்சள் தலையுமாக, ஊரில் எந்தத் திருவிழாவிலும் காணாத கூட்டம். நாற்றமும் அவ்வாறே. ஒவ்வொரு பறவையும் அடுத்ததன் அலகு எட்டாத தொலைவு பார்த்து, அளந்து வைத்தாற்போல, கூடு கட்டியிருந்தது. கார்த்திகா தன் வேலையை விளக்கினாள். எந்தக் கூட்டில் குஞ்சு இருக்கிறது, எது கைவிடப்பட்டது, எந்த இணை சென்ற ஆண்டும் இதே இடத்தில் இருந்தது என்று அவள் கைகாட்டிச் சொல்லச் சொல்ல, அத்தான் வாய்திறந்து கேட்டார். அவருக்கு அதிகம் பழக்கமில்லாத செயல் அது.

"ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குப் பரவாத மாதிரி ஷெட்டுக்கு ஷெட்டு எடம் விட்டுல்ல கட்டியிருக்குதுக மாப்ளே! சட்டம் போட்டது யாரு?"

"அப்பா!"

"பறவையத்தானத்தா சொன்னேன்." பின்பு என் காதருகே, "ஆலங்குளத்துக்காரங்க இந்தப் பாறையப் பாத்தா சிமெண்டு ஆலையில கொண்டுபோய்க் கொட்டிருவாங்க" என்றார். அது சுண்ணாம்புக் கல்லன்று என்பதைக் கார்த்திகாவிடமும், பின்னர் அவள் வாய்வழியாகவே அன்றிரவு தங்கிய குடிலின் பெண்மணியிடமும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

*

அதற்கடுத்த நாள் நடந்ததை வேடிக்கையாக எழுத முடியவில்லை.

கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டுமே கடக்கக்கூடிய ஒரு கூழாங்கல் கரை. காலையிலிருந்து மழை. கரையைத் தாண்டி மேட்டில் ஏறியபோது அத்தான் பின்தங்கினார். கதர் முழுவதும் நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. காற்று அதன்வழியே சூட்டை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பேச்சு குறைந்தது. அதை நான் நல்ல மாற்றம் என்று எண்ணினேன். பிறகு ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்.

"செத்த கண்ணசந்துட்டு வாறேன், நீங்க நடங்க" என்றார். நாக்கு குழறியது. உதடு நீலம். நடுக்கம்கூட நின்றிருந்தது.

கார்த்திகா ஓடிவந்தாள். முதுகுப்பையை இறக்கி, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை உருவினாள். ஊருக்கு அனுப்பியது போக இன்னொரு மழைச்சட்டை, ஆரஞ்சு நிறத்தில்; உள்ளே அணியும் சூட்டுச்சட்டை. அவர் அளவு. துறையிலிருந்து அதைச் சுமந்துகொண்டே வந்திருக்கிறாள்.

"சட்டையக் கழட்டுங்க."

"அது நைலானு."

"ஆமா, நைலானுதான்."

"நான் போட மாட்டேன்னு ஒனக்குத் தெரியும்லத்தா."

அவள் அவர்முன் மண்டியிட்டாள். குரலை உயர்த்தவில்லை. "அப்பா, நான் ஒங்க கலவ ஷெட்டுக்கு இந்தச் சட்டையோட வந்தா என்ன செய்வீக?"

"கழட்டச் சொல்லுவேன்."

"கழட்டலேன்னா?"

"அறஞ்சு கழட்டுவேன். ஒனக்கு மட்டுமில்ல, ஷெட்டுல இருக்க அம்புட்டுப் பேருக்கும் உசுருல்ல அது."

"ஏன்னு கேட்டா?"

"அங்க அதான் சட்டம்."

"இங்க பருத்திதான் ஆளக் கொல்லும். இது என் ஷெட்டு. கழட்டுங்க."

அத்தான் அவளைப் பார்த்தார். மனைவி சொல்லி, மருத்துவர் சொல்லி, அமைச்சர் ஒருவர் நேரில் வந்து சொல்லியும் எதையும் கேட்காத மனிதர். ஆனால் பாதுகாப்பு விதி என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் யாரென்று அவர் பார்த்ததில்லை. விறைத்த விரல்களால் பொத்தான்களை அவிழ்க்கத் தொடங்கினார். முடியவில்லை. நான் அவிழ்த்தேன். ஆரஞ்சுச் சட்டையின் கைகளுக்குள் அவர் கைகளைக் கார்த்திகா நுழைத்தாள். துணி உரசிச் சலசலத்தபோது அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சூடான, இனிப்பான ஏதோ ஒன்றை அவள் புட்டியிலிருந்து ஊட்டினாள். நடுக்கம் திரும்ப வந்தது. நடுக்கம் வந்தால் நல்லது என்றாள். எழுந்து நிற்க வெகுநேரம் ஆனது. முதலில் வந்த சொற்கள் இவை:

"கலரு நல்லா இல்ல. நம்ம கம்பெனி கம்பி மத்தாப்பு அட்டைய விடக் கேவலமா இருக்கு."

மாப்பிள்ளை என்று கூப்பிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். கார்த்திகா சற்றுத் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழைநீரைத்தான் துடைத்ததாகச் சொன்னாள்.

*

இறுதி நாள் மழை ஓய்ந்திருந்தது. காற்று மட்டும் விடவில்லை. கலங்கரை விளக்கம் தொலைவிலேயே தெரிந்தது. வெள்ளைச் சுவர், அதைச் சுற்றி இரும்புக் கம்பித் தடுப்பு. அத்தான் ஆரஞ்சு நிறத்தில் முன்னே நடந்தார். அருகில் மகள். என் அக்காள் என்னை எதற்காக அனுப்பினாளோ அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் விரைந்தேன். விரைந்ததில் பாதையைவிட்டு இரண்டடி விலகிப் பசும்புல் என்று நான் நம்பிய ஒன்றின்மேல் கால் வைத்தேன்.

அது சதுப்பு. முழங்கால் வரை இறங்கிற்று. மற்ற காலை ஊன்றி இழுத்தேன். அதுவும் இறங்கிற்று.

கத்தினேன். காற்று எதிர்த்திசையில் அடித்தது. அவர்கள் திரும்பவில்லை.

கண்டதைச் சொல்கிறேன். இருவரும் தடுப்பருகே நின்றார்கள். அத்தான் தம் உள்ளங்கையை இரும்புக் கம்பியில் வைத்தார். சற்றுப் பொறுத்துக் கார்த்திகாவும் தன் கையை அதே கம்பியில் வைத்தாள். அவர்கள் தலை அசைந்தது. யாருடைய தலை முதலில், ஆமென்றா இல்லையென்றா என்பது அத்தொலைவில் தெரியவில்லை. பின்பு இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பறவை மேலே வட்டமிட்டது. அதன் இனம் எனக்குத் தெரியாது.

அப்போதுதான் என்னைக் கண்டார்கள். ஓடிவந்தார்கள்.

"என்ன மாப்ளே, கால் ஊனுன எடத்துலயே வெவசாயம் பாக்கப் போறீகளா? ஒங்க பங்காளி புத்தி போகலயே!" என்றார் அத்தான். கண்கள் சிவந்திருந்தன. காற்றாலும் அப்படி ஆகும்.

"கேட்டீகளா?" என்றேன், அவர் என் அக்குளைப் பிடித்துத் தூக்கியபோது.

"இழுக்கையில பேசக் கூடாது. மூச்சப் புடி."

கார்த்திகாவிடம் கேட்டேன். "மாமா, ஒரே தடவன்னு பேச்சு. ஒங்களுக்குத் தனியா இன்னொரு தடவ கெடையாது" என்று சொல்லிவிட்டு என் வலது காலணியைச் சேற்றுக்குள் தேடினாள். அது கிடைக்கவில்லை.

*

திரும்பும் வழியில் அதே விமான நிலையத்தில் அதே பொறி ஆரஞ்சுச் சட்டையைச் சோதித்தது. அமைதியாக இருந்தது. அத்தானுக்கு அதில் சற்று வருத்தம்.

ஆமத்தூர் வந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆனி வெயிலில், அந்தப் புழுக்கத்தில், சென்னையிலிருந்து கழற்றாமல் போட்டுவந்த மழைச்சட்டையை வேப்பமரத்தடியில் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தார். "இது உள்ள வரக் கூடாதுல்ல. ஒங்க வீட்டுல வையிங்க" என்றார். பிறகு செம்புத்தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

அக்காள் கேட்டாள். சதுப்பைச் சொன்னேன். "ஒரு காரியமாத்தான் அனுப்புனேன், அதுக்குள்ள சேத்துல போயி நின்னுருக்க" என்றாள். கணவரைக் கேட்டாள். அவர் ஒப்பந்தத்தைச் சொன்னார். மகளைத் தொலைபேசியில் கேட்டாள். அவளும் அதையே சொன்னாள். இருவர் தனித்தனியே சொன்னது ஒத்துப்போயிற்று. ஆனால் அதில் செய்தி ஒன்றும் இல்லை.

சட்டை என் வீட்டில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அத்தான் ஞாயிறுதோறும் வந்து பார்க்கிறார். "காத்தோட்டமா இருக்கா? கசங்கிறக் கூடாது மாப்ளே" என்கிறார். எதற்குக் கசங்கக் கூடாது என்று நான் கேட்டதில்லை.

கலங்கரை விளக்கத்தின் அருகே அவர் அவளைக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், அவள் என்ன சொன்னாள் என்பதும் தெரியாது.